வாய்க்கால் நாட்டில் ஒரு படகு

கொங்கு நாட்டில் வாய்க்காலுக்குக் குறைச்சல் இல்லை. காளிங்கராயன், கீழ்பவானி, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, நொய்யல் அணைக்கட்டுகளில் பிரியும் ராஜவாய்க்கால்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் எந்த வாய்க்காலிலும் ஆளை ஏற்றிக்கொண்டு படகு போய் நான் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், "சாயங்காலம் தண்ணியில ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்று கேட்டால், கோயமுத்தூர் சுங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாங்குளத்துக்குத்தான் கூட்டிப் போவேன்.

"அது குளமாச்சே" என்பார்கள். குளம் தனி, வாய்க்கால் தனி என்று நினைப்பதால் வருகிற பேச்சு அது. இங்கே குளம் என்பது வாய்க்கால் உட்கார்ந்து மூச்சு வாங்கும் இடம். வாலாங்குளத்தில் அரை மணி நேரம் மிதிபடகு ஓட்டுகிறவர் நொய்யல் வாய்க்காலில்தான் போகிறார். அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது காளிங்கராயன் பாசனத்தில், கொடுமுடிப் பக்கம். வயலில் மஞ்சள், கரும்பு, வாழை. எங்களுக்குப் படகு என்றால் வாழைமரம்தான். தார் வெட்டிச் சாய்த்த மரங்களில் தடிமனாக மூன்றைப் பொறுக்கி, குறுக்கே மூங்கில் குச்சியை அடித்துச் சேர்த்துவிட்டால் தெப்பம் தயார். அதில் குப்புறப் படுத்துக்கொண்டால் தண்ணீரே கொண்டுபோகும். பாலம் வந்தால் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்; அடியில் இருட்டு, கன்னத்தில் சிலந்தி வலை ஒட்டும். வாழைச்சாறு பாவாடையில் பட்டால் கறை போகாது என்பதால் அப்பத்தாவிடம் எதையும் மறைக்க முடியாது. மதகை நெருங்கும்போது மட்டும் கரையில் அப்பாரு தடியோடு நிற்பார். மதகு ஓரம் தண்ணீரை உள்ளே இழுக்கும், ஆளையும் இழுக்கும்.

அந்த வாய்க்கால் 1271இல் தொடங்கி 1283இல் வெட்டி முடிந்தது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. பவானி ஆறு காவிரியில் விழுவதற்குச் சற்று முன்னால் அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, ஈரோடு வழியாகக் கொடுமுடி வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் கொண்டுவந்தவர் காளிங்கராயக் கவுண்டர். பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்திலேயே வெட்டியதால்தான் இத்தனை வளைவு என்று கதை சொல்வார்கள். பாம்பை விடுங்கள். தண்ணீர் வேகமாகச் சரிந்தால் கரையை அரிக்கும். சரிவே இல்லாவிட்டால் நகராது, வண்டல் படியும். அதனால் மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே, இறங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறக்கி இறக்கிக் கொண்டுபோக வேண்டும். அப்படி மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் நேர்கோடு எப்படி வரும்? தன் காட்டுக்காகத்தான் வெட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று ஊரை விட்டே கிளம்பி, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்றும் சொல்வார்கள். தை 5ஆம் தேதி அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

படகுக் கால்வாயின் லட்சணமே வேறு. அதில் தண்ணீர் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் ஒரே மட்டம் வேண்டும். மட்டம் மாறுகிற இடத்தில் இரண்டு கதவு போட்டு, நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்த வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் பக்கிங்காம் கால்வாய். 1806வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை இருந்தது. பிறகு வடக்கும் தெற்கும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு வெட்டியது. உப்பும் விறகும் அதில்தான் பட்டணத்துக்கு வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு அதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். கடலோரச் சமதளத்தில் அது முடியும். கோயமுத்தூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது. நொய்யல் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேர்வதற்குள் 200 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. மழை வந்தால் பொங்கும், மழை நின்றால் மணல். ஆகவே கொங்கு நாட்டில் பருத்தியையும் வெல்லத்தையும் மாட்டுவண்டிதான் சுமந்தது.

சிங்கப்பூர் ஆற்றில் மாலைப் படகு போய்வந்தவர்கள் இங்கே வந்து மூக்கைச் சுளிப்பதும் உண்டு. அந்த ஆற்றில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்குப் படகு தள்ளியவர்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் நிறையப் பேர். நாறிக் கிடந்த ஆற்றை 1977இலிருந்து 1987வரை பத்து வருடம் உட்கார்ந்து சுத்தம் செய்தார்கள். இன்று அந்தச் சரக்குப் படகின் சாயலில் இருக்கும் படகுகளில்தான் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அங்கே உழைத்து ஓய்ந்த படகு வேடிக்கைக்கு வந்தது. நம் ஊர்ப் படகு வேடிக்கைக்கென்றே பிறந்தது. இங்கே உழைக்கிற படகு என்றால் குளத்து மீன்காரர்களின் பரிசல் ஒன்றுதான்.

இனி வாலாங்குளத்துத் தண்ணீரின் பூர்வீகம். வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழை பெரியாறு, சின்னாறு என்று இறங்கிச் சேர்ந்து நொய்யல் ஆகிறது. ஊருக்குள் நுழையும் முன்பே சித்திரைச்சாவடி அணைக்கட்டும் அதற்குக் கீழே உள்ளவையும் ஆற்றைத் தடுத்து வாய்க்காலில் திருப்புகின்றன. வாய்க்கால் ஒரு குளத்தை நிரப்பும். அந்தக் குளம் நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்தது அடுத்த குளத்துக்கு. உக்கடம் பெரியகுளத்தில் மிஞ்சியது வாலாங்குளத்துக்கு வரும். வாலாங்குளத்தில் மிஞ்சியது கடைசியில் நொய்யலுக்கே போகும். ஆற்றில் எடுத்ததை ஊரைச் சுற்றிக் காட்டி ஆற்றிலேயே கொண்டுவிடும் ஏற்பாடு. குளங்களுக்குக் கீழே ஒரு காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்தன. இப்போது அங்கெல்லாம் வீடு. பாசனம் போய்விட்டாலும் குளம் வேலையை விடவில்லை: வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, சுற்றுவட்டாரத்துக் கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் ஏற்றுகிறது.

போன ஆடியில் அண்ணன் மகன் வந்திருந்தான். ஏழாவது படிக்கிறான். இங்கே படகு விடுவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம்; மிதிபடகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. அவன் மோட்டார் படகுக்கு அடம்பிடித்தான். நான் மிதிபடகுக்குச் சீட்டு வாங்கினேன். லைஃப் ஜாக்கெட் முந்தின ஆளின் வியர்வையோடு ஈரமாக இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும், நடுவில் ஒரு பிடி. அதைத் திருப்பினால் பின்னால் இருக்கும் சுக்கான் திரும்பும். பிடி அவன் கையில், மிதி என் காலில் என்று பேச்சே இல்லாமல் முடிவாயிற்று.

கரையில் கயிறு அவிழ்த்தவர் சொன்னார்: "ஏனுங்க, மொதல்ல காத்துக்கு எதுக்கால போயிருங்க. கால்ல தெம்பு இருக்கறப்பவே போயிட்டா, வர்றப்ப காத்தே தள்ளி உட்டுரும்."

இதைவிட நல்ல பூகோளப் பாடம் கோயமுத்தூரில் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் தலைமேல் வரும். பஸ்ஸில் போகிறவருக்கு அது தலைமுடியைக் கலைக்கும் காற்று. மிதிபடகில் இருப்பவருக்கு எதிரில் நின்று தள்ளுகிற ஆள். தொடை வலிக்க மிதிக்கிறேன். படகு இருந்த இடத்திலேயே மூக்கை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பயல் சிரிக்கிறான். "அத்தை, நீங்க மிதிக்கறீங்களா, சும்மா உக்காந்துருக்கீங்களா?"

நடுக்குளத்தில் நிறுத்தினால் ஊர் தணிந்துவிடும். கரை ரோட்டிலிருந்து பார்க்கும்போது குளம் பள்ளத்தில் கிடக்கும். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் மேம்பாலத்து ஊர்திகள் தலைக்கு மேல் போகின்றன. போத்தனூர்ப் பக்கம் போகிற ரயில் குளத்தோரமாகத் தடதடவென்று கடக்கும். மேற்கே மலை வரிசை. ஒரு நீர்க்காகம் மூங்கில் கழியில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஒன்று படகுக்கு முன்னால் முங்கி, எங்கே எழும் என்று பயல் விரல் நீட்டிய இடத்தை விட்டு வேறெங்கோ எழுந்தது.

கரையோரம் ஆகாயத்தாமரை. ஊதாப் பூவைப் பார்த்ததும் அவனுக்குப் பறிக்க வேண்டும். பூ அழகுதான், சேதி நல்லதல்ல. தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. சாக்கடையில் வரும் சத்துதான் அதற்கு உரம். நல்ல தீனி கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். எந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், மறுபடி வளர்கிறது. கழிவுநீர் நின்றால் அதுவும் நிற்கும். ஈரோட்டில் எங்கள் காளிங்கராயனுக்கும் இதே நோய்தான். சாய, தோல் கழிவு கலக்காமல் இருக்க வாய்க்காலை ஒட்டியே இன்னொரு சின்ன வாய்க்கால் கட்டினார்கள். 'பேபி கால்வாய்' என்று அதற்குப் பெயர். நல்ல தண்ணீருக்கு வெட்டிய வாய்க்காலுக்குக் காவலாக ஒரு சாக்கடை வாய்க்கால்!

இந்தக் கரைகள் இப்படிப் பளிச்சென்று ஆனது சமீபத்தில்தான். 2013 கோடையில் உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது மாணவர்களும் ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரினார்கள். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் கோயமுத்தூர் வந்தது. அதன் பிறகு நடைபாதை, விளக்கு, பூங்கா. நடக்க வருகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய வரவு, மறுக்கவில்லை. குளக்கரைகளில் குடியிருந்தவர்களை எழுப்பி கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பியதும் இதே கதையில்தான் சேரும். படகிலிருந்து தெரிகிற காலியான கரை எப்போதும் காலியாக இருந்ததில்லை. ஊர்க்கோடியில் வீடு கிடைத்தவர் வேலைக்கு டவுனுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

படகு விஷயத்தில் எனக்குக் கறாரான கட்சி உண்டு. மிதிபடகும் துடுப்புப் படகும் போதும். மோட்டார் படகு கிளப்புகிற அலை கரையோரக் கோரையில் கூடு வைத்திருக்கும் தாழைக்கோழிக்கு ஆகாது. கல் பதித்த கரையில் கோரையே இல்லாமல் போவது இன்னொரு கேடு. பறவை வேண்டும், கரை மட்டும் கான்கிரீட்டாக வேண்டும் என்றால் நடக்காது. சிங்காநல்லூர் குளத்தைப் பல்லுயிர் காக்கும் இடமாக மாநகராட்சி 2017இல் அறிவித்தது. அதை அப்படியே விட்டு, சவாரியை வாலாங்குளத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி என்பேன். எல்லாக் குளத்திலும் படகு விட வேண்டும் என்று என்ன அவசியம்?

திரும்பும்போது சொன்னபடியே காற்று தள்ளிக்கொண்டு வந்தது. பயல் பிடியை விட்டுவிட்டுக் கேட்டான்: "அத்தை, இந்தத் தண்ணி உள்ள வர்றது எங்க, வெளிய போறது எங்க?" கரையில் இருந்த மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் மழைத்தண்ணி என்றார், ஒருவர் சிறுவாணி என்றார். காளிங்கராயன் பாசனத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட எந்த மதகு யார் காட்டுக்கு என்று தெரியும். தெரியாவிட்டால் சண்டை வரும்.

சீட்டு கொடுக்கும் இடத்தில் கட்டண விவரப் பலகை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னொரு பலகையை அடித்து, வெள்ளியங்கிரியில் ஆரம்பித்து அணைக்கட்டு, வாய்க்கால், பெரியகுளம், வாலாங்குளம், மறுபடி நொய்யல் என்று ஒரு கோடு வரைந்து, 'நீங்கள் படகேறும் இடம் இது' என்று சிவப்புப் புள்ளி வைக்கலாம். மதகும் கலிங்கும் இருக்கும் பக்கத்துக்கு அம்புக்குறி போடலாம். இதற்கு ஆகிற செலவு பெயின்ட்டும் ஒரு ஆளின் ஒருநாள் கூலியும்தான். அந்தப் பலகை வரும்வரை நானே ஒரு தாளில் வரைந்து கைப்பையில் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வந்தால் சீட்டு வாங்கும் முன் அதை நீட்டிவிடுகிறேன்.