பின்னச்சின் ஆட்டமும் மலைச்சாலைப் பயணமும்

கொடைக்கானலுக்கு மேற்கே போளூர் முதலான மலைக் கிராமங்களில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் லாரியேறியே சமவெளிக்கு வந்தாக வேண்டும். கொடைக்கானல் மலைப் பூண்டிற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர்பெற்ற அச்சரக்கு வடுகபட்டிச் சந்தையை அடைய, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே லாரியை வாடகைக்கு அமர்த்தும் அங்கத்தினர்களும் அதன் பின்னச்சைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

கனரக லாரியின் பின்னச்சில் ஒவ்வொரு ஹப்பினுள்ளும் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குகள் இரண்டு எதிரெதிராக அமைந்துள்ளன. பளுவைத் தாங்குபவை இவையே. ஆக்ஸில் ஷாப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு சரி. நட்டைத் திருகி இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் இயல்வது இவ்வமைப்பின் சிறப்பு. அபாயமும் அதிலேதான் இருக்கிறது.

ஆட்டம் மிகுந்தால் டயர் ஒழுங்கின்றித் தேயும். ஆயில் சீல் கெட்டு, எண்ணெய் பிரேக் லைனிங்கில் படியும். இறக்கத்தில் பிரேக் தளர்வதற்கு இதுவே போதும். ஆட்டமே இன்றி இறுக்கிவிட்டாலோ, உருளைகள் சூடேறிப் பேரிங் இறுகிவிடும். சக்கரமே கழன்றோடுவதும் உண்டு. எனவே, இறுக்கம் கூடுதலாயிருப்பது பத்திரம் என்னும் எண்ணம் தவறானது.

சோதிக்கும் முறையாவது: சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். டயரின் அடியில் கடப்பாரையிட்டு மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். அப்போது ஆட்டம் மறைந்தால், கோளாறு பெரும்பாலும் ஹப் பேரிங்கில்தான். சக்கரத்தைச் சுழற்றும்போது கரகரவென ஒலித்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதனை மாற்றாமல் நட்டை மட்டும் இறுக்குவதால் பயனில்லை.

சரிசெய்கையில், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை இருப்பில் அமர்த்த வேண்டும். பின்னர்த் தளர்த்தி, மீண்டும் இலேசாக இறுக்கி, தயாரிப்பாளர் குறித்த அளவு பின்னோக்கித் திருப்ப வேண்டும். பூட்டு நட்டை இறுக்கிய பின்னரே ஆட்டத்தை அளத்தல் வேண்டும். அதன் இறுக்கத்தாலும் இடைவெளி குறையும். இரட்டை நட்டு அமைந்த கனரக அச்சுகளில் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருப்பது பொதுவான அளவு. தலைமயிரின் கனத்தையொத்த இந்த நுண்ணளவு கைக்குப் புலப்படாது. டயல் கேஜ் வேண்டும். முன்னமே அளவு பொருத்தப்பெற்ற ஹப்புகளுக்கு இம்முறை பொருந்தாது.

சரக்கு ஏற்றுமுன் அங்கத்தினர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சக்கரங்களின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்றும், ஓடி நின்ற லாரியில் ஒரு ஹப் மட்டும் மிகையாகச் சுடுகிறதா என்றும் கவனிக்கலாம். பழுது பார்த்த பின்னர், "இறுக்கியாயிற்று" என்ற வாய்ச்சொல்லோடு நில்லாமல், அளந்த அளவை எழுதித் தருமாறு கேளுங்கள். ரொக்கத்தை எண்ணிப் பாராமல் இருப்புக் கணக்கில் நாம் கையொப்பமிடுவதில்லை. உயிரும் விளைச்சலும் ஏறிச் செல்லும் சக்கரத்திற்கும் அதுவே நெறியாகட்டும்.