உப்பு வாரிய பின் எஞ்சுவது

ராமநாதபுரம் மாவட்டத்தின் மாரியூர், வாலிநோக்கம் கடலோரத்தில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்களை நடத்தி வருகிறது தமிழ்நாடு உப்புக் கழகம். வேளாண்மைக்கு உதவாத கரையோர நிலத்தைப் பயன்படுத்தி, வறண்ட வட்டாரத்துக்கு வேலை தர வேண்டும் என்பதே 1974-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனத்தின் நோக்கம். அது ஓரளவு நிறைவேறியிருக்கிறது. சத்துணவுக் கூடங்களுக்கான, அயோடினும் இரும்புச்சத்தும் சேர்த்த உப்பு இங்கிருந்தே செல்கிறது.

ஆனால், உப்பு மலிவான பொருள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் ஓய்ந்துவிடும். தொழிலாளர்களின் வருமானமும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக அரசு ரூ.5,000 நிவாரணம் அளிக்கிறது. தேவையான உதவிதான், எனினும், அது தொழில் கொள்கை ஆகாது.

இந்த வட்டாரத்துக்கான தொழில் கொள்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்? உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து என்பேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் சோறுக்கான உப்பு 27 கிராம் அளவே. நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும், அதன் பின்னர் உப்பும் படிகின்றன. மக்னீசியம், பொட்டாசியம், புரோமின் ஆகியவை கடைசிவரை கரைசலிலேயே தங்கிச் செறிவடைகின்றன. ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் கசப்பு நீர் மிஞ்சும். மருந்து, தீத்தடுப்புப் பொருள்கள் தயாரிப்பில் பயன்படும் புரோமினின் விலை உப்பைவிடப் பல மடங்கு அதிகம். பொட்டாஷ் உரத்துக்கோ இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. சாக்கடல் கரையில் இஸ்ரேலும் ஜோர்டானும் இவ்விரண்டையும் கொண்டே பெருந்தொழில்களை வளர்த்துள்ளன.

தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை. 1954-இல் பாவ்நகரில் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள்கள் ஆராய்ச்சி நிறுவனம், கசப்பு நீரிலிருந்து பொட்டாசியம் சல்பேட் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதன் கிளை ஆய்வு நிலையம் ஒன்று இதே மாவட்டத்தின் மண்டபத்தில் இருக்கிறது. அங்கு நடப்பது பெரும்பாலும் கடற்பாசி ஆய்வு.

பிறகு ஏன் தயக்கம்? கணக்குப் போட்டால் விளங்கும். செறிந்த கசப்பு நீரின் ஒரு லிட்டரில் இரண்டு கிராம் அளவுக்குப் புரோமின் கிடைப்பதாகக் கொண்டால், ஒரு லட்சம் டன் உப்பு விளையும் அளத்தில் 200 டன்தான் தேறும். ஒரு ஆலைக்கு இது மிகச் சிறிய அளவு. எனவே, வாலிநோக்கம் மட்டும் போதாது. சுற்றியுள்ள தனியார் அளங்களின் கசப்பு நீரையும், இயலுமானால் தூத்துக்குடியினுடையதையும் சேர்த்துத் திரட்ட வேண்டும். மழை கலந்தால் செறிவு குலைந்துவிடும் என்பதால், பருவத்துக்கு முன்பே அதைத் தனித் தேக்கங்களில் சேமிக்க வேண்டும். இவை சிறு உற்பத்தியாளர் எவரும் தனித்துச் செய்யக் கூடியவை அல்ல. பொது நிறுவனத்தின் இடம் இங்குதான் இருக்கிறது: தேக்கங்கள் அமைப்பது, கசப்பு நீருக்கு விலை நிர்ணயித்து வாங்குவது, ஆலைக்கு நீண்டகால ஒப்பந்தம் தருவது.

எச்சரிக்கையும் வேண்டும். புரோமினைப் பிரிக்கக் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். இரண்டுமே நச்சுத்தன்மை கொண்டவை. எதிரே இருப்பதோ 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அதன் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளும் கடற்புற்களும் மீனவர்களின் வாழ்வாதாரம். ஆகவே, பொட்டாஷ் உரத்தில் தொடங்கி, பாதுகாப்பு ஏற்பாடுகள் உறுதியான பின் புரோமினுக்குச் செல்வதே விவேகம்.

மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் ராமநாதபுரமும் ஒன்று. உப்புக் கழகமும் ஆராய்ச்சி நிறுவனமும் முதலில் ஒரு பருவத்தின் கசப்பு நீரையாவது அளந்து, சோதனை ஆலை ஒன்றில் இட்டுப் பார்க்கட்டும். அந்த ஆலையின் வேலைகளில் அளத் தொழிலாளர் குடும்பங்களுக்கே முன்னுரிமை என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.