ஷா ஆலம் பட்டறையும் அணு உலைப் பேரமும்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ரிங்லெட் ஏரி வரும். 1963-இல் மின்சாரத்துக்காக அணை கட்டி உண்டாக்கியது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்ட வெட்ட, மழையில் கரைந்த மண் ஏரிக்குள் இறங்குகிறது, தூர்வாரி மாளவில்லை. அணை நீரும் எரிவாயுவும் நிலக்கரியும் போதுமா என்று யோசிக்கும் மலேசியாவின் பார்வை இப்போது அணுமின்சாரத்தின் பக்கமும் திரும்பியிருக்கிறது.

2025 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்திப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை மட்டும் காட்டி அமெரிக்க உலை வாங்கிவிட முடியாது. அந்நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், 123-ஆவது பிரிவில், தனி உடன்படிக்கை கேட்கிறது. வாங்கியதை ஆயுதத்துக்குத் திருப்ப மாட்டோம், சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பை ஏற்போம், வாங்கிய யுரேனியத்தை அனுமதியின்றிச் செறிவூட்ட மாட்டோம் என்ற உறுதிகள் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? பதில் மலேசியாவின் ஷா ஆலம் நகரிலேயே இருக்கிறது.

2003 அக்டோபரில் 'பிபிசி சைனா' என்ற கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பெட்டிகளைத் திறந்தால், யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரத்தின் பாகங்கள். ஷா ஆலமில் ஸ்கோப் நிறுவனத்தின் பட்டறையில் கடைந்து, துபாய் வழியாக அனுப்பியவை. பின்னணியில் இருந்தது பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் கள்ளச்சந்தை. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உதிரிபாகம் என்றே நினைத்தோம் என்றது நிறுவனம். அதற்கு உண்மை தெரியாது என்றே மலேசியப் போலீஸும் சொன்னது. அதுதான் அச்சமூட்டுகிறது. அந்தப் பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு அது வெறும் அலுமினியக் குழாய்.

2010-இல் மலேசியா வியூக வர்த்தகச் சட்டம் கொண்டுவந்து இத்தகைய ஏற்றுமதிக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. உலைக்குள் கண்காணிப்பு என்பதும் இந்நாட்டுக்குப் புதிதல்ல. பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆய்வு உலையே அமெரிக்கா தந்தது, அதுவும் இதே முகமையின் கண்காணிப்பில்தான் இருக்கிறது. முகமையின் ஆய்வாளர்களுடைய வேலை பெரும்பாலும் பொறுமையான கணக்குப் பார்ப்பு: எரிபொருள் தண்டுகளை எண்ணுவது, பதிவேட்டோடு ஒப்பிடுவது, முத்திரை எண் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது.

இனிமேல்தான் பேரம். அமெரிக்காவுடன் செய்த இத்தகைய 2009 உடன்படிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் தன் மண்ணில் செறிவூட்டலையே கைவிட்டது. 2014-இல் வியட்நாமிடம் அப்படிச் சட்டப்பூர்வமாக எழுதி வாங்கவில்லை. அணுப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவுக்கோ 2008-இல் விலக்கே கிடைத்தது. கண்காணிப்புக்கு மலேசியா முழுமனதோடு சம்மதிக்க வேண்டும். விற்பவர்களும் ஆளுக்கொரு அளவுகோல் வைக்கக் கூடாது. அதைப் பேச்சுவார்த்தை மேசையிலேயே கேட்கும் உரிமை கோலாலம்பூருக்கு உண்டு.