நாலரை மணி நேரம்: எப்போதிலிருந்து எண்ணுவது?

அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். அதையொட்டி வரும் விளம்பரங்களும் விழிப்புணர்வு முகாம்களும் ஒரே கெடுவைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: நாலரை மணி நேரம். அந்தக் கெடு தெளிவைவிடக் குழப்பத்தையே அதிகம் தந்திருக்கிறது என்பது சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வாசகர்களின் கடிதங்களில் தெரிகிறது. நாலரை மணி இருக்கிறதே, சொந்தக்காரர்கள் வந்ததும் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் கடந்துவிட்டது, இனிப் போய் என்ன செய்ய என்று வீட்டிலேயே படுக்கவைத்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் கேட்பது, எப்போதிலிருந்து எண்ணுவது என்பதைத்தான்.

முகம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள். நேரே கணக்குக்கு வருவோம்.

இந்தக் கெடு யாருக்கு?

ஒரு ஊசிக்கு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் வகை மருந்துக்கு. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்துப் பெரிய ஊனமில்லாமல் நடமாடும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியிருந்தது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வொன்று எல்லையை நாலரை மணிக்கு நீட்டியது. அந்த எல்லைவரை நன்மை ஆபத்தைவிட அதிகம். அவ்வளவுதான் அதன் பொருள். குடும்பத்துக்குக் கொடுத்த அவகாசம் அல்ல அது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு. முதல் மணியில் வந்தவரும் நான்காம் மணியில் வந்தவரும் 'நேரத்துக்குள்' வந்தவர்கள்தான். ஆனால் இருவரும் ஒன்றுபோல எழுந்து நடப்பதில்லை. 'பொன்னான நேரம்' என்ற விளம்பரச் சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

நோயாளி விழுந்த நேரத்திலிருந்தும் அல்ல, நாம் பார்த்த நேரத்திலிருந்தும் அல்ல. அவர் நலமாக இருந்ததை யாரோ ஒருவர் கடைசியாக அறிந்த நேரத்திலிருந்து.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு மகனும் மருமகளும் வேன் ஏறி பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போய்விடுகிறார்கள். வீட்டில் அம்மா மட்டும். மாலை ஐந்து மணிக்குத் திரும்பினால் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. உண்மையில் வாதம் அடித்தது நான்கு மணிக்காகவே இருக்கலாம். ஆனால் சாட்சி இல்லை. மருத்துவர் ஏழு மணியிலிருந்துதான் எண்ணுவார். பத்து மணி நேரம் ஆகிவிட்டது என்று ஊசியைத் தவிர்ப்பார். இரவு பத்துக்குப் படுத்து விடியற்காலை ஐந்துக்கு எழும்போதே கை விளங்காதவருக்கும் இதே கணக்கு.

இது மருத்துவரின் பிடிவாதம் இல்லை. அடைப்பு ஏற்பட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களில் மடிகிறது. சுற்றியுள்ள பகுதி, மடை அடைபட்ட பிறகும் கிணற்றுக் கசிவில் தாக்குப்பிடிக்கும் வயலைப்போலப் பக்கத்துக் குழாய்களின் சொற்ப ரத்தத்தில் சில மணி நேரம் உயிரோடு இருக்கிறது. காப்பாற்ற முடிவது அந்தச் சுற்றுப்பகுதியைத்தான். நேரம் ஆக ஆகக் குழாய்ச் சுவர்களும் நைந்துபோகும். பிறகு கட்டியைக் கரைத்தால் பாயும் ரத்தம் மூளைக்குள்ளேயே கசியும். 1995 ஆய்விலேயே, 3 மணிக்குள் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு இப்படி நிலையை மோசமாக்கும் கசிவு ஏற்பட்டது, போடாதவர்களில் 0.6 சதவீதம்தான்.

ஆக, ஒருவரின் பேச்சும் நடையும் திரும்புமா என்பதை ஒரு சாட்சி தீர்மானிக்கிறது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். அந்த அம்மாவிடம் மூன்றரை மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர் பேசியிருந்தால் கடிகாரம் மூன்றரைக்கு நகரும். மூன்று மணிக்குப் பேத்தி போன் செய்து பாட்டி தெளிவாகப் பேசியிருந்தால், போனில் பதிவான அந்த நேரமே ஆதாரம். ஆம்புலன்ஸ் ஏறுவதற்குள் தெருவில் நாலு பேரைக் கேட்டால் மூடிய கதவு திறக்கலாம். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பட்டாசு ஆலைக்குள் சிக்கல் வேறு. வேலை அறைக்குள் செல்போன் கூடாது. விழுந்தவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தவர்கள் பக்கத்தில் திரி வெட்டியவரும் சரம் பின்னியவரும்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு உடன் வருபவர் போர்மேனோ வேன் டிரைவரோ என்றால், ஊரிலிருந்து ஓடிவரும் மனைவி என்றால், அவர்களுக்கு நேரம் தெரியாது. பார்த்தவர் வண்டியில் ஏறட்டும்; முடியாவிட்டால் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுக்கட்டும். ஆலை உரிமையாளர்கள் நாளைக்கே நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடிய விஷயம் இது.

சாட்சியே இல்லாதவர்களுக்கு அறிவியல் ஒரு வழி கண்டிருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒருவகைப் படத்தில் பாதிப்பு நிமிடங்களிலேயே வெளிச்சமாகத் தெரியும். இன்னொரு வகைப் படத்தில் தெரிய ஏறத்தாழ நாலரை மணி பிடிக்கும். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால் பாதிப்பு புதியது, ஊசி போடலாம். 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இது பலன் தருவதைக் காட்டியது. மூளையே நேரம் சொல்கிறது. நள்ளிரவில் எம்ஆர்ஐ எடுக்கவும் படிக்கவும் ஆள் இருக்கும் ஊரில் மட்டும்தான் நம்மால் அதைக் கேட்க முடியும்.

'வசதி உண்டு' என்றால் என்ன?

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. மதுரை ராஜாஜி மருத்துவமனை, திருநெல்வேலி என்று ஓடிய மாவட்டத்துக்கு இது நல்ல மாற்றம். தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமும் பக்கவாதத்தைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பதை வசதி என்று ஏற்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் படித்துச் சொல்ல ஆள், அலமாரியில் மருந்து, அதைப் போட முடிவெடுக்கும் மருத்துவர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் வசதி. வாசலில் இறங்கியதிலிருந்து ஊசி ஏறும்வரை 60 நிமிடத்துக்குள் என்பது உலகளாவிய இலக்கு. ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று அரசு மாவட்டவாரியாக வெளியிடட்டும். நரம்பியல் நிபுணர் இல்லாததைக் காரணமாகச் சொல்ல வேண்டாம்: மலை மாநிலமான இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல் மாவட்ட மருத்துவர்களே, தொலைவிலுள்ள நிபுணரிடம் போனில் கலந்து, ஊசியைப் போடுகிறார்கள்.

தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும், முதல் எதிரி ரத்த அழுத்தம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2 கோடிப் பேரை எட்டியதாக 2024 இறுதியில் அரசு சொன்னது. வீடுதேடி மாத்திரை தருவது உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் கேட்க வேண்டியது, எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதைத்தான். மாநிலத்தின் 2020 கணக்கெடுப்பில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது.

அழுத்தம் இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

இறங்கியதே மாத்திரையால்தான், நிறுத்தாதீர்கள்.

நெஞ்சுவலிக்குத் துணை சுகாதார நிலையத்தில் உடனே தரும் மாத்திரைகளைப் பக்கவாதத்துக்கும் கேட்கலாமா?

கூடாது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரைகளில் உள்ள ஆஸ்பிரின் ஆளையே கொல்லலாம்.

பட்டாசு மருந்தால் கை கால் விழுமா?

பேரியம் உப்பு அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் பொட்டாசியம் இறங்கி இரு பக்கமும் தளரும். அது வேறு நோய், வேறு சிகிச்சை. என்ன வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பக்கவாத அடையாளங்கள் அரை மணியில் தானாகச் சரியாகிவிட்டால்?

அன்றைக்கே போங்கள். பெரிய தாக்குதல் அடுத்த சில நாட்களில் வரலாம்.

சோடா, காபி, புறா ரத்தம், விரல் நுனியில் ஊசிக்குத்து?

எதுவும் வேண்டாம். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும்.

நாலரை மணி கடந்துவிட்டதே?

அப்போதும் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய குழாய் அடைப்பென்றால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம்வரை குழாய் வழியே கட்டியை எடுக்க முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். வீட்டுக்கே வரும் இயன்முறைப் பயிற்சியை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் கேட்டு வாங்குங்கள்.