டெபியன் லினக்ஸ்: நிறுவல் வட்டைத் தேர்ந்தெடுத்தல்

டெபியன் என்பது 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய ஒரு லினக்ஸ் வழங்கல் ஆகும். தன்னார்வலர்கள் உருவாக்கும் இது இலவசமாகக் கிடைக்கிறது. பதிவிறக்கம் செய்யச் செல்பவர் அங்கே பல வட்டுப் படிமங்களைக் கண்டு, எல்லாவற்றையும் இறக்க வேண்டுமோ எனத் திகைப்பதுண்டு. பெரும்பாலோருக்கு ஒரே ஒரு படிமம் போதும். அது எது என்பதைக் கணினியின் செயலி, இணைய வசதி, நமது நோக்கம் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன.

செயலி

ஒவ்வொரு படிமமும் ஒரு செயலி வகைக்கென உருவாக்கப்பட்டது. வேறு வகைப் படிமத்தை இறக்கினால் கணினி தொடங்காமல் போகலாம். 'ஏஎம்டி64' என்ற பெயரைக் கண்டு, அது இன்டெல் செயலிக்குப் பொருந்தாது எனப் பலர் நினைக்கின்றனர். இது தவறு. அந்த 64-பிட் முறையை முதலில் வடிவமைத்தது ஏஎம்டி நிறுவனம் என்பதால் அப்பெயர் வந்தது. பின்னர் இன்டெல்லும் அதையே ஏற்றுக்கொண்டது. எனவே இரு நிறுவனங்களின் 64-பிட் செயலிகளுக்கும் இப்படிமமே உரியது. ஆர்ம் வகை 64-பிட் செயலிகளுக்கு 'ஆர்ம்64' படிமம் தேவை.

பழைய 32-பிட் கணினிகளுக்கான 'ஐ386' நிறுவல் படிமம் டெபியன் 12 வரை வெளிவந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் அது இல்லை. ஆனால் 32-பிட் விண்டோஸ் உள்ள கணினியிலும் 64-பிட் செயலி இருக்கக்கூடும். ஆகவே இயங்குதளத்தை அல்ல, செயலியின் வகையைப் பார்க்க வேண்டும்.

இணைய வசதி

'நெட்இன்ஸ்ட்' படிமம் ஒரு கிகாபைட்டுக்கும் குறைவானது. இதில் அடிப்படை அமைப்பு மட்டுமே உண்டு. திரைப்பலகைச் சூழல் முதலிய மற்றவை நிறுவும்போது இணையத்திலிருந்து இறங்கும். நல்ல இணைப்பு உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

முதல் டிவிடி படிமம் ஏறத்தாழ 4 கிகாபைட் அளவுடையது. இதைக் கொண்டு இணையம் இல்லாமலேயே முழுமையான கணினியை அமைக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் பத்துக் கணினிகளில் நிறுவ வேண்டுமானால், ஒருமுறை இறக்கிய இப்படிமமே எல்லாவற்றுக்கும் உதவும். நெட்இன்ஸ்ட் என்றால் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே தரவு செலவாகும். அதிகம் பயன்படும் மென்பொருள்கள் முதல் வட்டிலேயே இடம்பெறுமாறு அடுக்கப்படுவதால், அடுத்த வட்டுகள் அரிதாகவே தேவைப்படும்.

நோக்கம்

நிறுவாமல் முதலில் பழகிப் பார்க்க விரும்புவோர் 'லைவ்' படிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வன்தட்டைத் தொடாமலே இது இயங்கும். வைஃபை, ஒலி, திரை ஆகியவை சரியாக வேலை செய்கின்றனவா எனச் சோதித்த பின் இதிலிருந்தே நிறுவவும் முடியும்.

கவனிக்க வேண்டியவை

டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் படிமங்களிலேயே வைஃபை போன்ற கருவிகளுக்கான கட்டற்றதல்லாத நிலைபொருளும் சேர்க்கப்படுகிறது. அதற்கு முந்தைய படிமங்களில், வைஃபையை மட்டும் நம்பியவர்கள் நிறுவலின் நடுவே நின்றுவிட நேர்ந்தது.

இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் தரப்பட்டுள்ள எண்ணுடன் ஒப்பிடுக. வேறுபட்டால் கோப்பு பழுதானது. மீண்டும் இறக்க வேண்டும். படிமத்தைப் பென் டிரைவில் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. படிமம் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அப்போது பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும். நிறுவும்போது முழு வன்தட்டையும் பயன்படுத்தச் சொன்னால் அதில் உள்ளவையும் அழியும். பாடக் குறிப்புகள், ஒளிப்படங்கள் முதலியவற்றை முன்னதாகவே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது அவசியம்.