இருபது சென்ட் போதும்

ஆடவர் தேசிய அணிகளுக்கான ஆசிய ஃபுட்சால் சாம்பியன்ஷிப் 1999இல் மலேசியாவில் தொடங்கியது. 2024 வரை நடந்த 17 தொடர்களில் ஈரான் 13 முறையும் ஜப்பான் 4 முறையும் வென்றிருக்கின்றன. வேறு எந்த நாட்டுக்கும் கோப்பை கிடைத்ததில்லை. இந்தியா தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியதே 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானில்தான். அதைத் தாண்டிப் போக முடியவில்லை. கால்பந்திலேயே பின்தங்கிய நாடு ஃபுட்சாலில் மட்டும் எப்படித் தேறும் என்று கேட்பவர்கள் ஈரானைப் பார்க்க வேண்டும். ஆடவர் கால்பந்து உலகக் கோப்பையில் 2022 வரை ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டாத நாடு அது. ஆனால் 2016 ஃபுட்சால் உலகக் கோப்பையில் பிரேசிலையே வெளியேற்றி மூன்றாம் இடம் பிடித்தது. சின்ன கோல் வைத்து, பிளாஸ்டிக் பந்தில் தெருவில் ஆடும் பழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு. பெரிய மைதானம் வாய்க்காத ஊருக்கும் இந்த ஆட்டம் கைகூடும் என்பதே என் வாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் திருவள்ளூர் வட்டாரத்தையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

1930இல் உருகுவே தலைநகர் மொண்டேவீடியோவில், ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள் ஆடுவதற்காக ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் வகுத்த ஆட்டம் இது. அணிக்கு ஐந்து பேர்; 20 நிமிடங்களாக இரண்டு பாதி; பந்து வெளியே போனால் கடிகாரமும் நிற்கும். ஒரு பாதியில் ஓர் அணி ஆறாவது ஃபவுலைச் செய்துவிட்டால், எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். இவ்வளவுக்கும் ஆதாரம் பந்துதான். கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; ஃபுட்சால் பந்துக்கு 62 முதல் 64. எடையோ ஏறக்குறைய அதேதான், 400 முதல் 440 கிராம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் எழும்பலில் 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 65ஐத் தாண்டக் கூடாது. அதாவது முழங்கால் உயரத்திலேயே அடங்கிவிடும். அதனால் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதில் பயனில்லை. உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தி, எதிராளி நெருங்குவதற்குள் தள்ளிவிட வேண்டும். பெலே, ரொனால்டினோ, நெய்மர் ஆகியோர் சிறுவயதில் இதை ஆடி வளர்ந்தவர்கள். ஃபுட்சால் வந்தால் கால்பந்து நலிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அவர்களே பதில்.

நிலக் கணக்குக்கு வருவோம். 105க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்துக்குச் சுமார் 176 சென்ட் வேண்டும். 40க்கு 20 மீட்டர் ஃபுட்சால் களத்துக்கு 20 சென்ட் போதும். தொழிற்பேட்டை வளர வளர நிலத்தின் விலை ஏறிப்போன வட்டாரத்தில் இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே நேரத்தில் 22 பேரைச் சேர்ப்பதும் பெரும்பாடு. பத்துப் பேர் என்றால் சேர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஹேண்ட்பால் களமும் இதே 40க்கு 20தான். கோல் கம்பமும் அதே 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பள்ளிகளில் ஹேண்ட்பாலுக்குக் கோடு போட்ட சிமெண்ட் தளம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வாங்க வேண்டியது பந்து மட்டுமே.

வாடகை டர்ஃப் மைதானங்கள்தான் மூலைக்கு மூலை வந்துவிட்டனவே என்று கேட்கலாம். ஐவர் ஆட்டத்தைப் பழக்கியது அவைதான், அந்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் செயற்கைப் புல்லில், பெரிய பந்தை வலையில் மோதித் திரும்பவிட்டு ஆடினால், ஃபுட்சால் கேட்கும் கால் பழக்கம் வராது. எல்லைக்கோடு இருந்தால்தான் ஓரத்தில் பந்தை அடக்கும் அவசியமே பிறக்கும். மணிக் கணக்கில் வாடகை கொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு டர்ஃப் எட்டுவதுமில்லை. சிமெண்ட் தளம் முழங்காலைப் பதம் பார்க்கும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஆட்ட விதிகளே மரத் தரையையோ செயற்கைத் தளத்தையோதான் விரும்புகின்றன; கான்கிரீட்டைத் தவிர்க்கச் சொல்கின்றன. எனவே சொரசொரப்பான தரையை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. டென்னிஸ், கூடைப்பந்துத் தளங்களுக்குப் பூசுவதுபோல அக்ரிலிக் பூச்சு கொடுக்க வேண்டும். அதுவரை சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைப் பயிற்சியிலும் அனுமதிக்கக் கூடாது. பூச்சுக்கான செலவைத் தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஏற்கலாம்; முதலில் அரசுப் பள்ளித் தளங்களுக்குச் செய்யட்டும்.