பெட்டிக்குள் ஒரு வீட்டு வரைபடம்

உங்கள் வீட்டில் எத்தனை கணினிகள் இருக்கின்றன? மடிக்கணினி இரண்டு, பிள்ளையின் பள்ளிக் கணினி ஒன்று என்று விரல்விட்டு எண்ணினால் கணக்கு பாதியில் நின்றுவிடும். அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை ரவுட்டர், வரவேற்பறைத் தொலைக்காட்சி, வாசலில் மாட்டிய கேமரா, தரையைக் கூட்டும் ரோபோ எல்லாமே கணினிகள்தாம். விசைப்பலகை இல்லாமல், ஒரே வேலைக்காகப் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட கணினிகள். இவற்றில் பலவற்றை இயக்குவது லினக்ஸ். 1991ஆம் ஆண்டு ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ்.

இவற்றை வாங்கும்போது விலை பார்க்கிறோம், வேகம் பார்க்கிறோம். ஆனால், ஒரு பெட்டி நம் வீட்டில் மூன்று ஆண்டு உழைக்குமா, பத்து ஆண்டு உழைக்குமா என்பதில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிவுக்கும் பெரும் பங்கு உண்டு. அதன் நினைவகத்தை எத்தனை அறைகளாகப் பிரித்தார்கள், ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதுதான் அந்த முடிவு. பொறியாளர்கள் இதை 'பார்ட்டிஷன்' என்கிறார்கள்.

சுவர் எதற்கு?

நான் வானொலிப் படைப்பாளர். படித்தது ஊடகக் கல்வி, கணினிப் பொறியியல் அல்ல. ஆனாலும், இந்த விஷயம் எளிதில் புரிந்ததற்கு என் வேலையே காரணம். வானொலியில் ஒவ்வொரு மணி நேரத்தையும் முன்கூட்டியே கூறு போட்டுவிடுவோம். செய்திக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு, பாட்டுக்கு இவ்வளவு. நேர்காணல் எவ்வளவு சுவையாகப் போனாலும் அது செய்தி நேரத்தை விழுங்கிவிடக் கூடாது.

நினைவகத்திலும் அப்படித்தான். வாசல் கேமரா நாள் முழுவதும் படம் சேமிக்கிறது. தான் செய்த ஒவ்வொன்றையும் நாட்குறிப்புபோல் பதிவும் செய்கிறது. எல்லாம் ஒரே கூடத்தில் கிடந்தால், ஒருநாள் படங்களும் பதிவுகளும் இடத்தை நிரப்பிவிடும். அப்போது இயங்குதளத்துக்கு ஒரு சிறு கோப்பை எழுதக்கூட இடமிருக்காது. பெட்டி திணறும், அல்லது எழாமலே போகும். நடுவில் ஒரு சுவர் இருந்தால் நிரம்புவது அந்த அறை மட்டும்தான்.

நம் வீவக வீட்டின் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் எங்கே, சமையலறை எங்கே என்று வீடு எழும் முன்பே முடிவாகிவிடுகிறது. பெட்டிக்குள்ளும் முதலில் ஒரு சின்ன அறை உண்டு. மின்சாரம் வந்ததும் பெட்டியைத் தட்டி எழுப்பும் கோப்புகள் அங்கே இருக்கும். அடுத்தது இயங்குதளத்தின் அறை. கவனமாகக் கட்டப்பட்ட பெட்டிகளில் இந்த அறையில் உள்ளதைப் படிக்கலாம், எழுத முடியாது. மூன்றாவது, நம்முடைய அறை. கடவுச்சொல், அமைப்புகள், படங்கள் எல்லாம் அங்கே சேரும்.

சில சுவர்களைப் பிறகு இடிக்கலாம். சிலவற்றைத் தொடவே முடியாது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட புதிய வீடுகளில் 'பாம் ஷெல்டர்' என்று நாம் சொல்லும் பாதுகாப்பறை இருக்கிறதல்லவா? அதன் சுவரை இடிக்க அனுமதி கிடையாது. விற்பனைக்குப் போய்விட்ட பெட்டியின் நினைவகச் சுவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

பாட்டி வீட்டுப் பெட்டி

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி இருக்கிறார் ஓர் இளம் பொறியாளர். தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டில் வைக்கும் உதவி அழைப்புப் பெட்டிக்கு மென்பொருள் எழுதுவது அவர் வேலை. பொத்தானை அழுத்தினால் பிள்ளைகளின் திறன்பேசிக்குச் செய்தி போகும். கீழ்த்தளக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, கைதுடைக்கும் தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

"ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர்னா நானே போய்ச் சரிபண்ணிடுவேன், அக்கா. இது பாட்டி வீட்ல இருக்கிற பெட்டி. எழலன்னா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. கீழே விழுந்து பொத்தானை அழுத்துறப்பதான் தெரியும்."

அவர் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பெட்டிகளுக்கு இயங்குதள அறை ஒன்றே ஒன்றுதான். புதிய மென்பொருளைப் பழையதன் மேலேயே எழுதினார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சில வீடுகளில் மின்சாரம் 'டிரிப்' ஆனது. பழையதும் போய், புதியதும் முழுதாக வந்துசேராமல், அந்தப் பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அவற்றைச் சேகரித்தார்களாம்.

ஒரு பெட்டி கெட்டால் ஒரு பெட்டிதானே என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக மென்பொருள் நிறுவுவதில்லை. சுவர்களோடு சேர்த்து முழு நினைவகத்தையும் ஒரே கோப்பாகத் தயாரிக்கிறார்கள். 'சிஸ்டம் இமேஜ்' என்று அதற்குப் பெயர். முறுக்கு அச்சுபோல அதை வைத்தே எல்லாப் பெட்டிகளையும் நிரப்புகிறார்கள். அச்சில் கோணல் இருந்தால் பத்தாயிரம் பெட்டியிலும் அதே கோணல்தான்.

இரண்டு அறை, ஒரு காவல்

இதற்கான தீர்வு ஒன்றும் மந்திரமில்லை. இயங்குதளத்துக்கு ஓர் அறைக்குப் பதிலாக ஒரே அளவில் இரண்டு அறை. பெட்டி முதல் அறையிலிருந்து இயங்கும்போது, புதிய மென்பொருள் இரண்டாம் அறையில் சத்தமில்லாமல் எழுதப்படும். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகே, 'அடுத்த முறை அந்த அறையிலிருந்து எழு' என்று குறிப்பு வைக்கப்படும். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய அறை அப்படியே இருக்கிறது. புதியது எழ மறுத்தால் சில முயற்சிகளுக்குப் பிறகு பெட்டி தானாகவே பழையதற்குத் திரும்பும். 2011ல் விற்பனைக்கு வந்த குரோம்புக் கணினிகள் இந்த முறையைக் கையாண்டன. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுக்கு இது 2016ல், ஏழாம் பதிப்போடு வந்தது.

அப்படியானால் ஏன் எல்லாரும் இதைச் செய்வதில்லை? இடம்தான் காரணம். இடம் என்றால் காசு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் 4 ஜிகாபைட் நினைவகம். எழுப்பும் அறைக்கு 64 மெகாபைட், இயங்குதளத்துக்கு 512 மெகாபைட் வீதம் இரண்டு அறை, மீதி நம்முடையது. இன்றைக்கு இயங்குதளம் 400 மெகாபைட்தான் என்றால் தாராளமான ஏற்பாடு. ஐந்து ஆண்டில் அது 600 மெகாபைட்டாக வளர்ந்தால்? அந்த அறையில் அது நுழையாது. சுவரை நகர்த்தலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டியின் தகவல்கள் இருக்கின்றன. நகர்த்தும் நேரத்தில் மின்சாரம் போனால் கதை முடிந்தது. அதனால் சிலர், "இந்தப் பெட்டிக்கு இனி புதிய மென்பொருள் கிடையாது" என்று கையை விரித்துவிடுகிறார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இடமில்லை, அவ்வளவுதான்.

எழுதி எழுதித் தேயும் நினைவகம்

சுவர் மட்டும் போதாது, எந்த அறையில் எவ்வளவு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். டெஸ்லா கார்கள் இதற்கு உதாரணம். அவற்றின் நடுத்திரையை இயக்குவதும் லினக்ஸ்தான். பழைய கார்களில் அதற்குள் இருந்தது 8 ஜிகாபைட் ஃபிளாஷ் நினைவகம். ஃபிளாஷ் நினைவகத்தை அழித்து எழுத ஒரு கணக்கு உண்டு. இந்தச் சில்லில் அது சுமார் 3,000 முறை. கார் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்ததில், ஐந்தாறு ஆண்டிலேயே பல கார்களில் நினைவகம் தேய்ந்தது. திரை அணைந்தால் பின்பக்கக் கேமராவின் படமும் தெரியாது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பிறகு, 2021 பிப்ரவரியில் சுமார் 135,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 8 ஜிகாபைட் இருந்த இடத்தில் 64 ஜிகாபைட் பொருத்தப்பட்டது.

தேய்மானத்தைச் சுவர் தடுக்காது. ஆனால், வரைபடம் போடுபவர் மூன்றைத் தீர்மானிக்கலாம்: எந்த அறையில் எழுதவே கூடாது, எந்தப் பதிவுகளைச் சேமிக்காமல் தற்காலிக நினைவகத்தோடு விட்டுவிடலாம், எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். சும்மா கிடக்கும் இடம் வீண் இல்லை. தேய்மானத்தைப் பரவலாக்க நினைவகத்துக்கு அது உதவுகிறது.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமும் அல்ல. சீகேட் நிறுவனம் 1982ல் இங்கே காலூன்றிய பிறகு, வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் உலகின் முன்வரிசைக்குப் போனது. இன்று சுவா சூ காங்கிலிருந்து நான்கு ரயில் நிலையம் தள்ளியுள்ள உட்லண்ட்சில் மைக்ரான் நிறுவனம் ஃபிளாஷ் நினைவகம் தயாரிக்கிறது. சுழலும் தட்டு போய்ச் சில்லு வந்துவிட்டாலும், 'டிஸ்க் பார்ட்டிஷன்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

பூட்டு பழுதான வீடு

புதுப்பிக்க முடியாத பெட்டி என்பது பூட்டை மாற்ற முடியாத வீடு. 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர் பலரின் இணையச் சேவை தடைப்பட்டது நினைவிருக்கலாம். வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த, கிருமி தொற்றிய ரவுட்டர், கேமரா போன்ற சாதனங்களே அந்தத் தாக்குதலுக்குப் பயன்பட்டதாக நிறுவனம் அப்போது கூறியது. நம் வீட்டுப் பெட்டியே நம் ஊரின் இணையத்தைத் திணறடித்திருக்கிறது.

2020 அக்டோபரில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, வீட்டுச் சாதனங்களுக்கு நான்கு நிலை முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் நிலைக்கே இரண்டு நிபந்தனை: எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்க வேண்டும். நான்காம் நிலையில் வல்லுநர்கள் சாதனத்துக்குள் ஊடுருவ முயன்று சோதிக்கிறார்கள். இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்களுக்கு முதல் நிலையாவது கட்டாயம். புதுப்பிக்க வழி வேண்டுமென்றால் அதற்கு உள்ளே இடம் வேண்டும். கடைசியில் எல்லாம் அந்தச் சுவர்களில்தான் வந்து நிற்கிறது.

கற்றுக்கொள்ள விரும்பும் இளையருக்கு

இதைப் பழக ஆய்வுக்கூடம் தேவையில்லை. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகள் உண்டு. ஒரு ராஸ்பெரி பை பலகையும் ஒரு நினைவக அட்டையும் போதும். அதன் வழக்கமான இயங்குதளத்தை அட்டையில் எழுதிப் பார்த்தால் இரண்டு அறை தெரியும்: எழுப்புவதற்கு ஒரு சிறிய அறை, மற்றதற்கெல்லாம் ஒரு பெரிய அறை. மூன்றாவதாகத் தகவலுக்கு ஓர் அறை ஒதுக்கிப் பாருங்கள். அதுவே முதல் பயிற்சி.

அடுத்த படி, லினக்ஸ் அறநிறுவனம் 2010ல் அறிவித்த யோக்டோ திட்டம். பல நிறுவனங்கள் இதைக் கொண்டுதான் தங்கள் பெட்டிகளுக்கான இயங்குதளத்தைக் கட்டுகின்றன. அதில் 'விக்' என்றொரு கருவி. ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் அறைக்கு ஒரு வரி எழுதினால் போதும். அளவு என்ன, எந்தக் கோப்பு முறை, பெயர் என்ன என்று அந்த வரி சொல்லும். கருவி மீதியைப் பார்த்துக்கொண்டு 'இமேஜ்' கோப்பைத் தரும். பழைய முறைப் பட்டியலில் நான்கு முதன்மை அறைகள்தாம் அடங்கும். 'ஜிபிடி' என்ற புதிய முறையில் வழக்கமாக 128 வரை போகலாம். கடினமானது அந்த வரிகளை எழுதுவது அல்ல. ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பெட்டிக்கு என்ன தேவைப்படும் என்று இன்றே யோசிப்பதுதான் கடினம்.

கடைக்குப் போகும்போது

ரவுட்டரோ கேமராவோ வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டுக்குப் புதிய மென்பொருள் வரும்? பாதுகாப்பு முத்திரை எந்த நிலை? புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி தானாக மீளுமா? மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால், தயாரிப்பாளரின் விளக்கக் குறிப்பில் தேடுங்கள். வயதானவர்கள் நம்பியிருக்கும் கருவியென்றால் விடை கிடைக்கும்வரை வாங்க வேண்டாம்.

நம் பொறியாளர் இப்போது கட்டும் பெட்டியில் இயங்குதளத்துக்கு இரண்டு அறை. இரண்டிலும் பாதி இடம் காலி. "இவ்வளவு இடம் எதுக்கு, இன்னும் சின்னச் சில்லு போடலாமேன்னு மேலிடத்துல கேட்டாங்க, அக்கா. இந்தப் பெட்டி உங்க அம்மா வீட்டுக்குப் போகுதுன்னு நினைச்சுக்குங்கன்னு சொன்னேன்," என்றார். அந்தக் காலி இடத்தை யாரும் குறைக்கவில்லை.